நாலாம் நாள்

கீழக்கரை செய்யது லெப்பைக்குக் கப்பலில் சமையல்.
சீனத் துறைமுகமொன்றில் கிரேன் பழுதாகி
ஒன்பது நாள் கிடந்தபோது பார்த்ததை
பாம்பன் டீக்கடையில் வைத்துச் சொன்னான்.

அங்கே ஐந்தாம் மாதத்து ஐந்தாம் பிறையில்
படகுகளுக்குத் தலை முளைத்துவிடும்,
கொம்பும் மீசையும் வைத்த தலை.
முன்னால் ஒருத்தன் முரசடிக்க
இருபது துடுப்பும் ஒரே மூச்சாய் விழும்.
குழந்தைகள் மணிக்கட்டில் ஐந்து நிறக் கயிறு,
வாசலில் கசப்பிலைக் கொத்து.
விஷ மாதமாம் அது, தேளும் காய்ச்சலும் கிளம்புகிற மாதம்.
அந்தப் பயம்தான் முதலில் வந்தது என்பாரும் உண்டாம்.

மற்றவர்கள் சொல்வது வேறு.
ஓர் அமைச்சன். பாட்டும் கட்டுவான்.
அரசன் துரத்தினான்.
நாடு விழுந்த சேதி கேட்டு
கல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான்.
(பேரை மூன்று முறை சொன்னான் லெப்பை,
என் வாயில் நிற்கவில்லை.)
ஊரே படகெடுத்தது.
மீன் அவனைத் தொடாதிருக்க
சோற்றை அள்ளி வீசியது.
இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது,
இன்னமும் தேடுகிறார்கள் என்றான்,
ஜெயித்த படகுக்குப் பரிசும் கொடுக்கிறார்கள்.

கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.
நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

என் போட்டிலிருந்துதான் இன்னாசி விழுந்தான்.
பங்குனிக் கடைசி, காற்றே இல்லாத இரவு,
மடியை இழுக்கும்போது.
அறுபது போட்டு போனது,
எவனும் டீசல் கணக்குப் பார்க்கவில்லை.
முரசில்லை எங்களிடம், எஞ்சின் சத்தம்தான்.
நாலாம் நாள் மதியம்
யாரோ ஒருத்தன் முதலில் ஸ்டியரிங்கைத் திருப்பினான்.
நான்தான்.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கையில்
செல்சியாவிடம் போய் இந்தக் கதையைச் சொன்னேன்.
ஏன் சொன்னேன், தெரியாது.
பாசியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே
"சோத்துல உப்புப் போடுவாங்களா?"
என்று மட்டும் கேட்டாள்.

லெப்பைக்குப் போன் போட்டேன்.
"இலையில் பொதிஞ்சு நூல் சுத்துவாங்க.
சிலதுல பேரீச்சை மாதிரி ஒண்ணு,
சிலதுல நமக்கு ஆகாத கறி.
உப்பா? கவனிக்கலையே காக்கா."

டோக்கன் வாங்கிய அன்று விடிகாலை
ஜெட்டியில் ஒரு தூக்குவாளியை நீட்டினாள்.
பனங்குருத்தில் கட்டிய கொழுக்கட்டை.
கார்த்திகைக்கு இன்னும் ஐந்து மாசம் கிடக்கிறது.
"இனிப்பு வைக்கல," என்றாள்.
"அவருக்குப் பிடிக்காது."

பாரைத் தாண்டியதும் பசங்கள் மூடியைத் திறந்தார்கள்.
பதினொன்று இருந்தது.
யாருக்கென்று அவள் சொல்லவில்லை.
எஞ்சினை மெதுவாக்கினேன்.