பதினெட்டு மில்லி

ஆரம்பாக்கம் லாட்ஜ், இரண்டாம் மாடி.
தடா தாண்டிய பெஞ்சலய்யாவின் நெல் சைலோ
என் மடிக்கணினிக்குள் நிற்கிறது:
பதினாறு மீட்டர், நான்கு மில்லி தகடு,
நாற்பதாயிரம் வலைக்கண்கள்.

நான்கு மடங்கு சுமைக்குத் தாங்குமாம்.
அதற்கு மேல் இப்படித்தான் நெளியும் என்று
சிவப்பும் மஞ்சளுமாய் வரைந்தும் காட்டுகிறது.
எப்படி என்று சொல்லும்.
எவ்வளவு என்று கேட்டால் வாய் திறக்காது.

திரையில் உள்ளது குறையே இல்லாத உருளை.
அப்படியொன்றை நான் எந்த ஆலையிலும் பார்த்ததில்லை.

காலையில் போய்த் தகட்டைத் தடவினேன்.
ரிவர்ஸில் வந்த லாரி எதுவோ
இடுப்புயரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது.
ஸ்கேலைக் குறுக்கே பிடித்தேன். பதினெட்டு.

அந்தப் பதினெட்டை உள்ளே கொடுத்து
இரவெல்லாம் ஓடவிட்டேன்,
ஃபேன் சத்தத்தில், நெடுஞ்சாலை ஹாரன் சத்தத்தில்.
விடிகாலை,
நான்கு
ஒன்று புள்ளி ஒன்றாகியிருந்தது.

"ஏம் காதம்மா, ஆறு வருஷமா நிக்குது."
"பாதியை இறக்குங்க."
"அறுப்பு சமயம்மா."
"இன்னைக்கே."

பன்னிரண்டு லாரி. தார்ப்பாய் போதவில்லை.
தூசியில் தும்மிக்கொண்டே அவர் என்னைப் பார்த்த பார்வையை
எந்த மென்பொருளிலும் ஏற்ற முடியாது.

சைலோ விழவில்லை.
இறக்காவிட்டால் விழுந்திருக்குமா?
அதற்கு என்னிடமும் சான்றில்லை.

அடுத்த வாரம் பணம் வந்தது,
பேசியதில் பாதி.
கூடவே ஒரு வரி:
பாதி நெல்லுக்குப் பாதி.