ஐம்பத்தேழு

ஔலு நகரில், ஆற்றின் வடகரையில்,
மூடிப்போன காகித ஆலையின் பின்கட்டில்
எனக்கு வேலை
தலைகளைக் கீழே போடுவது.

ஒன்றரை மீட்டர் உயரம்.
தரையில் இரும்புப் பட்டறைக்கல்.
அந்தரத்தில், சைக்கிள் கவசம் மாட்டிய உலோகத் தலை,
மனிதத் தலையின் கனம்.
பொத்தானை அழுத்துவேன்.
டப்.
எண்ணை எழுதுவேன்.
அடுத்தது.

தலைகளுக்கு இங்கே பெயர் கிடையாது, சுற்றளவுதான்.
ஆனாலும் ஐம்பத்தேழை நான் வெய்க்கோ என்று கூப்பிடுவேன்.
வீட்டில் இருக்கும் வெய்க்கோவுக்கும் அதே அளவு.
இவன் சொன்னபடி மாட்டிக்கொள்வான்.
அவன் மாட்டான்.

"குல்லாய்க்கு மேல் அது உட்காராது" என்பான்.
அவன் தங்கை பின்னிய கம்பளிக் குல்லாய்,
உச்சியில் முயல்குட்டி பருமனுக்கு ஒரு குஞ்சம்.
"தபால் நிலையம் வரைதானே."
"நாற்பது வருடமாய்ப் பனியில் மிதிக்கிறேன்,
பாதைக்கு என்னைத் தெரியும்."

பாதைக்கு யாரையும் தெரியாது.
நான் வாதாடுவதில்லை.
பகலெல்லாம் தலைகளைப் போட்டுவிட்டு வருபவளுக்கு
இரவில் பேச்சு வருவதில்லை.

ஜனவரியில் கெமியிலிருந்து ஒரு பார்சல்.
ஊதா நிறக் கவசம், சின்னது.
பக்கவாட்டில் கடல்நாய் ஸ்டிக்கர், பாதி உரிந்தது.
உட்பட்டையில் மார்க்கர் பேனாவால்: ஐனி, 2பி.
பின்மண்டை இருக்கும் இடத்தில்
காதிலிருந்து காதுக்கு ஒரு விரிசல்.

கூடவே அப்பாவின் கடிதம்.
கோபமான கையெழுத்து, அழுத்தி அழுத்தி எழுதியது.
வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லையாம்.
பாலத்தடியில் பனிக்கட்டியில் வழுக்கி
ஒரே ஒரு முறை விழுந்தாளாம்.
அதற்கே இப்படி உடைந்தால் என்ன தரம் இது?
பணம் திரும்ப வேண்டும்.
மகளுக்கா? அவளுக்கு ஒன்றுமில்லை.
ஒரு பல் விழுந்தது,
அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்.

அதை இரண்டாக அறுத்தேன்.
வெண்நுரை ஓரிடத்தில் மட்டும்
அப்பளம்போல் மெலிந்திருந்தது.
இரண்டு விரற்கடை இருக்க வேண்டிய இடத்தில்
அரை விரற்கடை.
நசுங்கியது மறுபடி எழும்பாது.
அடியை வாங்கிக்கொண்டு
வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காத பொருள்
உலகத்தில் அதிகம் இல்லை.

அன்று எல்லோரும் போனபின்
விதிமுறையில் இல்லாத ஒன்றைச் செய்தேன்.
ஐம்பத்தேழை வெறும் தலையோடு மேலே ஏற்றினேன்.
நெற்றியைத் துடைத்தேன், ஏனென்று தெரியவில்லை.
கைப்பேசியில் பதிவை ஓடவிட்டேன்.
பொத்தான்.

டப் இல்லை.
வேறொரு சத்தம்.
திரையில் கோடு மேலே போய்
திரையைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வரவில்லை.
தலைக்குள் இருந்த உணரி செத்துவிட்டது.
அறுநூறு யூரோ.
மேலாளர் பைவி மறுநாள் கேட்டாள்:
"எதற்காக?"
என்னிடம் பதில் இல்லை, சம்பளத்தில் பிடித்துக்கொள் என்றேன்.

கெமிக்கு எழுதினேன்:
ஐயா, உடைந்தது குறை அல்ல, அதன் வேலை.
தலைக்கு வந்தது
தலைக்கவசத்தோடு போயிற்று.
பணம் திரும்ப வராது.
இதை ஒட்டி மறுபடி மாட்டாதீர்கள்.
புதியது வாங்குங்கள், இந்த வாரமே.
அந்தப் பல்லைப் பத்திரமாக வையுங்கள்.
கடைசி வரியை அடித்துவிட்டு
பிறகு மறுபடி எழுதினேன்.

வீட்டில் வெய்க்கோ மீன் சூப்புக்கு
உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தான்.
மேசைமேல் கைப்பேசியை வைத்தேன்.
முதலில் டப்.
பிறகு அந்த இன்னொன்று.

கத்தி நின்றது.
"அது என்ன?"
"ஐம்பத்தேழு" என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சூப்பில் உப்பு அதிகம் என்று மட்டும் பிறகு சொன்னான்,
அவனே போட்ட உப்பு.

காலை எட்டு மணி, இன்னும் இருட்டு.
மைனஸ் இருபத்திரண்டு.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விளக்குகள்
பாதையில் வரிசையாய் ஆடிப் போகின்றன.
அவன் சைக்கிளைக் காணோம்.

காப்பித்தூளைக் கொட்டப் போனேன்.
குப்பைக்கூடையில்,
உருளைத் தோல்களுக்கு நடுவே,
கத்தரிக்கோலால் அவசரமாய் வெட்டிய
குல்லாய்க் குஞ்சம்.