பத்தாயிரம் வருட அவசரம்

அட்டையில் பொன்னிற டிராகன்.
அதற்காகத்தான் வாங்கினேன்,
கர்னி பிளாசாவில், சம்பள நாளன்று,
ஐம்பது ரிங்கிட்டுக்குப் பத்து காசு குறைவு.

முந்நூறாம் பக்கம் வரை அது வரவில்லை.
வந்தது,
ஒரு மழை பெய்தது,
போய்விட்டது.

நிலவிலிருந்து இறங்கியவளுக்கு
இரண்டு இளவரசர்கள்.
ஒருவன் கண்கள் இரவைப் போல் கருப்பு.
மற்றவன் கண்களும்.
முத்தமிட்டது எவன் என்று
பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது,
பட்டர்வொர்த் ஃபெர்ரியில், காற்று வேறு
தாளைப் பிடுங்க.

பத்தாயிரம் வருடம் வாழ்கிறவர்கள்
எதற்கு இத்தனை அவசரம்?
மூன்றாம் அத்தியாயத்திலேயே
உனக்காக உயிரையும் தருவேன் என்கிறான்,
சாகவே முடியாதவன்.

ஜெலுத்தோங்கில் இறங்கி நடந்தால்
அடுக்குமாடிக்குக் கீழே
தகர டின்னில் நெருப்பு.
ஏழாம் மாதம்.
ஊய் அக்கா புருஷனுக்குக் காகிதச் சட்டை எரிக்கிறாள்,
எல் சைஸ்.
அப்புறம் சின்னதாக ஏதோ.
என்ன அது என்றேன்.
சார்ஜர், என்றாள் மலாயில்.
போன வருடம் போன் மட்டும் அனுப்பிவிட்டாளாம்,
ஒரு வருடமாய்த் திட்டிக்கொண்டிருப்பார்.

சாம்பல் என் செருப்பில் விழுந்தது.
தட்டிவிடத் தோன்றாமல்
மின்தூக்கி வரும்வரை நின்றேன்.

இரவு ஒன்றரைக்குப் புத்தகத்தை முடித்தேன்.
செத்தவன் திரும்பி வந்தான்,
கண்கள் அப்படியே கருப்பு.

இரண்டாம் பாகம் டிசம்பரிலாம்.
வாங்கப் போவதில்லை.
அட்டையில் என்ன வரைந்திருக்கிறார்கள் என்று
மட்டும்
ஒருமுறை பார்க்க வேண்டும்.