பெயிண்ட் வாளிச் செம்பருத்தி

வில்லாபுரத்தில் மூன்று மாடிக்கு மேலே
மொட்டை மாடி.
இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில்
அடுக்குச் செம்பருத்தி.
ஆணியைப் பழுக்கக் காய்ச்சி
அடியில் நான் போட்ட ஓட்டை ஐந்து.

மாட்டுத்தாவணி பார்சல் ஆபீஸில் இரவு வேலை எனக்கு.
விடியுமுன் திரும்பி ஒரு சொம்பு ஊற்றுகையில்
மொட்டு, இறுக்கிய முஷ்டி.
தூங்கி எழுந்து வந்தால் அந்தி.
அதற்குள்
காம்பு மட்டும், நுனியில் கொழகொழவென்று ஈரம்.

மாவுப்பூச்சியைப் பழைய டூத் பிரஷ்ஷால்
இலையிடுக்கில் தேய்த்தெடுத்தவன் நான்.
கையில் வேப்பெண்ணெய் நாற்றத்தோடு
பண்டல் தூக்கியவன் நான்.
விரிந்த பூவைப் பார்த்தது
யாரோ.

சண்டைக்குச் சாட்சி தேடித்தான் வாளியருகே குனிந்தேன்.
மண்ணில் நொறுக்கிய முட்டை ஓடு.
நான் முட்டை வாங்குவதில்லை.
டீத்தூள் வேறு;
எறும்பு வரக்கூடாதென்று
சர்க்கரை போகக் கழுவியது.
சித்திரை வெயிலில் வாளியைச் சுற்றி
நனைத்துக் கட்டிய சாக்கு.

புரட்டாசிக் கடைசியில் கவாத்து வெட்டினேன்.
பென்சில் கனத்தில் ஒரு குச்சி,
அடியைச் சாய்வாகச் சீவி
பால் பாக்கெட் மண்ணில் ஊன்றி
இரண்டாம் மாடிப் படித்திருப்பத்தில் வைத்தேன்.
பெயர் எழுதவில்லை.
யார் பெயரை எழுத?

மறுநாள் பாக்கெட் இல்லை.

மழையெல்லாம் முடிந்து
தை பிறந்தும் விட்டது.
இன்றும் காம்புதான்.
பக்கத்துக் கிளையில் நாளைக்கு ஒன்று
வெடிக்கக் காத்திருக்கிறது.
இன்றிரவு வேலையில்லை எனக்கு.
அலாரம் எட்டு மணிக்கு;
பூவைப் பார்க்கவா, ஆளைப் பார்க்கவா
என்பதுதான் இன்னும்
முடிவாகவில்லை.