ஏழாவது ஆட்டத்துக்குப் பிறகு

ஏழு ஆட்டம் முடிந்து
நான்கு தோற்றிருந்தோம்.
திங்கள் மாலை ஐந்துக்குள்
புதுப் பெயர் இரண்டு சேர்க்கலாம்
என்றது லீக் கமிட்டி.
மூன்று போட்டோ, ஆதார் நகல், எடைச் சீட்டு.

இடது கார்னர் முனிகிருஷ்ணனுக்கு
ஓசூரில் நைட் ஷிப்ட் கிடைத்துவிட்டது.
வாழ்த்துச் சொன்னோம்,
போனை வைத்ததும் திட்டினோம்.
இன்னொரு காலியிடம்
என் வலது முழங்கால்.

ராயக்கோட்டை மண்டியில்
ஏலம் ஓய்ந்த பிறகு
தக்காளி நிறுக்கும் தராசில்
பையன்களை ஏற்றினோம்.
எழுபதைத் தாண்டினால் ஆட முடியாது.
மண்டிக்காரர் பழக்க தோஷத்தில்
பெட்டிக்கு ஒன்றரைக் கிலோ கழித்துச் சொன்னார்.
"அதையே எழுதிக்கோங்க" என்றான் திம்மராயன்,
எழுபத்தொன்றே கால்.
எழுதவில்லை.
சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
வியர்வை இறங்க மண்டியைச் சுற்றி
ஓட ஆரம்பித்தான்.

மொத்தம் பதினாலு பேர்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
கோட்டைத் தேடுகிற பி.காம். ஒருவன்.
மூச்சை விடாமல் பாடி
யாரையும் தொடாமல் திரும்புகிறவன் ஒருவன்.
எங்கள் ஜெர்சியில் பெயர் போட்ட
போர்வெல் கம்பெனிக்காரரின் அக்கா மகன் லோகித்:
ஷூ புதுசு, ஆட்டமும் சுமாரில்லை,
அதுதான் சிக்கல்.

கெம்பராஜ், பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிறவன்.
இரண்டு கையிலும் முள் கீறல்.
கார்னரில் நின்றான், பாயவில்லை.
வருகிற கணுக்கால் வரட்டும் என்று
காம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.
பிடித்ததை விசிலுக்குப் பிறகுதான் விட்டான்.
விட்டதும், விழுந்தவன் முதுகில்
ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.
அவனைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை.

கடைசியாக வந்தவன் இம்தியாஸ்,
கிரானைட் லாரியில் கிளீனர்.
சூளகிரி டீமில் இரண்டு வருஷம்,
பிறகு கூப்பிடவில்லையாம்.
"வயசு?"
"இருபத்தொன்பது. ஆதார்ல இருபத்தேழு."

காலி தக்காளிப் பெட்டியில் காலை நீட்டி
நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
அவன் கோட்டைத் தாண்டினான்,
இடது கை முன்னால்,
வலது கால் போனஸுக்குப் போகிற மாதிரி போய்
போகாமல் திரும்பி
கவரைத் தொட்டது.
அந்தத் திருப்பத்தில்தான் எனக்கு அறுந்தது.
பெட்டிமேல் கிடந்த கால்
என்னைக் கேட்காமல்
ஓர் அங்குலம் நகர்ந்தது.

நோட்டில் முதலில் எழுதியது லோகித்தை.
சொல்லிவிடுகிறேன்:
போர்வெல்காரருக்காக அல்ல.
லோகித் ஆனியில் கோயம்புத்தூர் போய்விடுவான்,
படிப்பு, ஹாஸ்டல்.
இடம் திரும்பி வரும்.
இம்தியாஸ் கையில் போனது
திரும்பாது.

யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.
அது இன்னும் மோசமாக இருந்தது.
மாடு ஒன்று நசுங்கிய தக்காளியைத் தின்றுகொண்டே
எங்கள் சுண்ணாம்புக் கோட்டையும் நக்கியது.
அடித்து எழுதினேன்.

போர்வெல்காரருக்கு நானே போன் செய்தேன்.
"சரி" என்றார்,
அடுத்த சீசன் ஜெர்சி பற்றிப் பேசவில்லை.

மற்றவர்களுக்கு டீயும் பன்னும்.
'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று
ஒருவனிடமும் சொல்லக்கூடாது என்றிருந்தேன்;
பதினோரு பேரிடம் சொன்னேன்.
பன்னிரண்டாமவன்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தான்.

உபரியாக இருந்த ஜெர்சி ஒன்றுதான்,
ஒன்பதாம் நம்பர், தோளில் தையல்.
இம்தியாஸ் மாட்டிப் பார்த்தான்.
"லூசா இருக்குதுணா."
"துவைச்சா சுருங்கிடும்" என்றேன்.

சுருங்காது.
ஆறு வருஷம் துவைத்திருக்கிறேன்.