இரண்டு நிமிடம்

மஞ்சக்குப்பம் சபையில் எட்டு நிமிடம் இவருக்கு,
இரண்டு எனக்கு.
"சிஸ்டர், ஜெபக்குறிப்பு மட்டும் சொல்லுங்க,
ஆராதனை முடிஞ்சதும் ஏலம் இருக்கு."
மைக்கின் கழுத்தைத் திருகி என் உயரத்துக்கு இறக்குவதற்குள்
அரை நிமிடம் போய்விடும்.
மழை, மலேரியா, ஜீப் டயர் என்று சொல்லிக்கொண்டே போவேன்.
பின்வரிசையில் ஒருவர்
காணிக்கைக் கவரால் விசிறிக்கொள்வார்.

ஏழு ஞாயிறு, ஏழு சபை.
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கிய அன்றே
எபிக்கு வியர்க்குரு.
மலையில் பிறந்தவன்.
தமிழில் கோபப்படத் தெரியாது அவனுக்கு,
சண்டையென்றால் குவி மொழிக்கு மாறிவிடுவான்.
தலையில் இறகு செருகி மேடையேற்றுகிறார்கள்.
"அந்த ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடு கண்ணா."
அவன் பாடுவது பாட்டில்லை,
வெள்ளாட்டைப் பட்டிக்குள் விரட்டும்போது கத்துவது.
எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.
சபை எழுந்து கைதட்டுகிறது.

பந்தியில் கேட்பார்கள், எத்தனை ஆத்துமா என்று,
எத்தனை இட்லி என்பதுபோல.
நாற்பத்திரண்டு என்பார் இவர், மோரைப் பார்த்தபடி.
திரும்பிப் போனவர்களை
நான் மனதுக்குள் கழித்துக்கொண்டிருப்பேன்.

ஏழாவது படம் ஜிலி.
முன்பல் இரண்டும் இல்லாமல் திரை நிறையச் சிரிப்பாள்.
"ச்சோ" என்று உருகும் சபை.
போன ஆவணியில்
கயிற்றுக் கட்டிலில் கிடத்திப் பதினோரு கிலோமீட்டர் தூக்கிவந்தோம்.
ஆறு பெருகி, தாண்ட முடியாமல் நின்ற இடத்தில்,
என் மடியில்.
"படம் நல்லா வந்திருக்கு, இருக்கட்டும்" என்றது அலுவலகம்.
கார்த்திகையில்
காலண்டர் அட்டையிலும் அதையே போட்டது.

இன்று சனி. சிப்காட் பக்கம், குடிகாடு.
மாதம் இருநூறு, ஒன்பது வருடம் அனுப்பியவர் தங்கதுரை.
ஆலை நாற்றம் செருப்பைக் கழற்றாமல்
வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.
"மூணு மாசமா அனுப்பலைங்க.
கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சு."
கடன் கொடுத்தவரிடம் சொல்வதுபோல் சொன்னார்.
அவர் மனைவி ஹெலன்மணிக்கு
இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மூச்சு தேவைப்பட்டது.
பையிலிருந்து ஸ்டெத்தை எடுத்தேன்.
இன்ஹேலரை அவள் குனிந்தபடியே அழுத்துகிறாள்,
மருந்தெல்லாம் நாக்கிலேயே நிற்கிறது.
நிமிர்ந்து, மெதுவாக உள்ளிழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து,
மூன்று முறை செய்யவைத்தேன்.
இந்த விடுப்பில் நான் பார்த்த ஒரே வேலை.

தலை தூக்கினால் சுவரில் ஜிலி.
கீழே மே மாதம் வரை கிழிந்திருக்கிறது.
"ராத்திரி இந்தப் புள்ள பேரச் சொல்லாம படுக்கறதில்ல.
இப்ப பள்ளிக்கூடம் போகுதா?"

இவர் என்னைப் பார்த்தார்.
சொன்னேன்.

ஹெலன்மணி இன்ஹேலர் மூடியைத்
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
வெகுநேரம் கழித்து தங்கதுரை:
"அஞ்சு மாசமா அவருகிட்ட கேட்டுக்கிட்டிருக்கோம்.
எங்களுக்குச் சொல்லியிருக்கணும்ல?"

காலண்டரை அவர் கழற்றவில்லை.
கிளம்பும்போது கையில் திணித்தார், நாலாய் மடித்த நூறு.
மறுத்தால் அவருக்கு அவமானம்,
வாங்கினால் எனக்கு.
ரசீது எழுதிக் கிழித்த பிறகுதான் பார்த்தேன்,
கார்பன் தாளைத் தலைகீழாக வைத்திருந்தேன்.
எங்கள் நகலில் ஒன்றுமில்லை.
அவர் கையிலிருந்ததன் முதுகில்
அவர் பெயரே வலமிடமாக.

நாளை நெல்லிக்குப்பம்.
பஸ்ஸில் எபி தூக்கத்தில் ஆடு விரட்டுகிறான்.
கெடிலம் பாலத்தில் கேட்டார் இவர்,
"ஏழாவது படத்தை எடுத்துடவா?"

வேண்டாம். இருக்கட்டும்.
அந்தப் படத்தில் நிறுத்திவிட்டு
மைக்கை என்னிடம் கொடுங்கள்.
என் இரண்டு நிமிடம் அங்கேதான்.