ஆயர் ஈத்தாமில் ஒரு மூலை

மடிப்புத் திரைக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு பாய் அகலம்.
ஏழு நாளைக்கு இதுதான் முகவரி.
கைப்பேசியை வாங்கி
பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டார்கள்.

இரண்டு மணிக்கொரு தரம் ஊய் வருகிறார்.
மருந்துக்கடை வைத்திருந்தவர்.
திரையை விலக்குமுன் தரையில் தலைபடக் கும்பிடுகிறார்.
கடன்காரனை யார் கும்பிடுவார்கள்?

முதல் மூன்று நாள் அக்காவின் குற்றங்களை வாசித்தேன்.
பஸ் நிலையத்தில் எல்லார் முன்னாலும் அறைந்தாள்,
மாமாவிடம் போட்டுக்கொடுத்தாள்,
என் கல்யாணத்தில் சாப்பிடாமல் போனாள்.
கேட்டு முடித்து,
"அது இங்கே கேள்வி இல்லை" என்றார்.
மறுபடி கும்பிட்டுப் போனார்.

நான்காம் நாள். மழை.
யாரைப் பற்றி?
செண்பகவல்லி, அக்கா.
எந்த வயது?
பதினேழிலிருந்து இருபது.

பெற்றது:
பாலிடெக்னிக் கட்டணம், மூன்று தவணை.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு முடித்து
முகக்கவசத் தடம் கன்னத்தில் மாறாமலே
வாங்கி வருவாள் நாசி லெமாக்.
முட்டை வைத்த பொட்டலம் எனக்கு.
முட்டை வைக்காததும் ஒன்று இருந்தது.
இன்றுதான் பார்க்கிறேன் அதை.

கொடுத்தது:
ஒரு குடை.
இல்லை, அதுவும் அவள் காசு.
அடித்துவிடுங்கள்.

மூன்றாவதை மலாயில் கேட்பார்,
எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி.
என்ன சூசா கொடுத்தீர்கள்?

ஆ லோங்கிடம் எட்டாயிரம் வெள்ளி.
ஜாமீன் என்று அவள் பெயர்,
அடையாள அட்டை எண்,
பிறையில் நான்காம் மாடி, வீட்டு எண்.
ஜொகூருக்கு ராத்திரி பஸ்.
அவள் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள்.

இதை எல்லாரும் அறிவார்கள்,
சொல்லிச் சொல்லி எனக்கே வழவழத்துப்போன கதை.
ஊய் எழவில்லை.
வேறு ஏதாவது, என்றார்.

வேறு.
நகச்சாயம் அழிக்கும் சின்னப் புட்டியால்
ராத்திரி முழுக்கத் தேய்த்தாளாம்.
பக்கத்து வீட்டு ரொகாயா
மண்ணெண்ணெய் கொண்டுவந்தாளாம்.
போகவில்லை.
காலையில் ஒரு டின் வாங்கி
கதவு முழுவதும் சிவப்பாகவே அடித்துவிட்டாள்.

ஐந்து வருடம் கழித்துப் போனேன்,
கையில் ஆரஞ்சுப் பை.
"என்னக்கா, சீனப் பெருநாள் வீடு மாதிரி இருக்கே?"
சிரித்தேன்.
அவளும் சிரித்தாள்.
வா, சாப்பிடு என்றாள்.

ஊய் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.
"அடுத்து,
இருபத்தாறிலிருந்து முப்பது."
கும்பிட்டார்.
திரை மூடியது.

மழை விட்டுவிட்டது.
இருபத்தாறுக்குப் போகவேண்டும்.
போக,
அந்தக் கதவைத் தள்ளவேண்டும்.